செம்மண் தோட்டமும் ஒரு கிணறும்

ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல இலக்கணம் பற்றியே எழுதுவதாக எண்ணியிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்று ஐந்திணைப் பாடம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐவகை நிலங்களையும் கரும்பலகையில் எழுதி, அவ்வந் நிலத்து மக்கள், தொழில், மரம், பறவை ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாணவி கையை உயர்த்தி, "சேர், உங்கட ஊர் இதில எது?" என்று கேட்டாள். உடனே விடை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமத்தின் வடபகுதியில் உள்ளது. அங்கே மலை இல்லை. அருகே கீரிமலை உண்டு. ஆனால் அது பெயரளவில் மலையே தவிர, ஏறி நிற்க அங்கே ஒரு குன்றும் கிடையாது. காடு இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டெனினும் அது மாரியில் மட்டும் ஓடி அராலியருகே கடலேரியிற் கலந்துவிடும். ஆகவே மருதம் என்பதற்கும் மனம் ஒப்பவில்லை. கடல் இரண்டு மைல் தூரத்தில் இருந்தது. எனினும் நாங்கள் கடற்றொழில் செய்தவர்கள் அல்லர். மிஞ்சியது பாலை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதை மாணவருக்கு அப்போதுதான் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரோ அதற்கு மறுதலையானது. பாலையாகக் கிடந்திருக்க வேண்டிய கல் நிலத்தை மனிதர் தம் கைகளால் தோட்டமாகத் திரித்துவிட்டனர். அத்தகைய நிலத்துக்கு நம் முன்னோர் பெயர் வைக்கவில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அந்த அடுத்த வாரத்து விடையே இக்கட்டுரை.

யாழ்ப்பாணக் குடாநாடு ஒரு பெருஞ் சுண்ணாம்புக் கற்பாறை. மயோசீன் காலம் எனப் புவியியலாளர் குறிப்பிடும் தொன்மையான காலத்தில், ஆழமற்ற கடலடியில் வாழ்ந்து மடிந்த உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகி அது உண்டானது. மழை நீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சிறிதளவு புளிப்புத் தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். கல் கரைந்து போக, கரையாத களியும் இரும்புச் சேர்வைகளும் எஞ்சி நிற்கும். இரும்பு துருப்பிடித்தாற் போலச் சிவந்த அந்த எச்சமே எங்கள் செம்மண். கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் எனச் செம்மண்ணுக்குப் பேர்போன ஊர்கள் பல. ஆனால் எல்லா இடத்திலும் அம்மண் ஒரே ஆழமாக இல்லை. ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கும். சற்றுத் தள்ளி மண்வெட்டியை ஓங்கினால் 'ணங்' என்று கல்லிற் படும். அப்படிக் கல் மேலெழுந்து கிடக்கும் நிலத்துக்குக் 'கலட்டி' என்று பெயர். கடலேரியை அண்டிய உவர்ப் புல்வெளி 'தரவை'. மணல் மேடு 'பிட்டி' அல்லது 'திடல்'. மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோரின் ஊர்ப் பெயர்களையும் காணிப் பெயர்களையும் வீட்டிலே கேட்டுப் பாருங்கள். அவற்றுள் இச்சொற்களில் ஏதேனும் ஒன்று ஒளிந்திருக்கக் கூடும்.

எங்கள் தோட்டக் காணி பன்னிரண்டு பரப்பு. அதிலே ஐந்து பரப்பு கலட்டி. என் தந்தையாரை நாங்கள் 'ஐயா' என்று அழைப்போம். அவர் அந்தக் கலட்டியைத் தோட்டமாக்கியது என் சிறுபராயத்து நினைவுகளுள் முதன்மையானது. மாசி மாதம் புகையிலை வேலை சற்றுக் குறையும் மாலை வேளைகளில் அலவாங்கும் பிக்கானுமாகப் போவார். கல்லைக் கிளப்பி உடைத்து, எல்லையில் மதிலாக அடுக்குவார். கிளப்பிய பள்ளத்தில், ஊர்க் குளம் வற்றியதும் அள்ளிய வண்டலையும், வீடு கட்ட அத்திவாரம் வெட்டியவர்கள் கொடுத்த செம்மண்ணையும் வண்டிலில் ஏற்றி வந்து கொட்டுவார். அம்மா கடகத்திலே சுமந்து பரவுவார். மூன்று முழத்துக்கு மண் சேர ஏழு ஆண்டுகள் ஆயின. இவ்வாறு செய்தவர் எங்கள் ஐயா மட்டுமல்லர். தீவுப் பகுதிகளிலும் வலிகாமத்திலும் பலர் மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தே தோட்டம் ஆக்கினர். நிலநூலார் மண் உண்டாவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பர். அது உண்மையே. ஆனால் ஏழு ஆண்டுகளில் உண்டான மண்ணிலே நான் வெங்காயம் பிடுங்கியிருக்கிறேன்.

மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது. அதற்கு உணவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு பூவரசங் குழையும் கிளுவங் குழையும் வெட்டித் தாழ்ப்பார்கள். பழைய பனையோலையைச் சால் வெட்டிப் புதைப்பார்கள். அறுவடை முடிந்த தோட்டத்தில் மாட்டுப் பட்டி கட்டுவார்கள். இன்று ஒரு மூலை, நாளை மறு மூலை என்று பட்டி நகரும். வேலியும் பனையும் மாடும் குளமும் தோட்டத்துக்குச் சோறு போட்டன என்று சொன்னால் மிகையாகாது. அந்த மண்ணில் விளைந்த புகையிலை பல தலைமுறைகளுக்கு முன்பே கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போயிற்று. ஊரிலே எழுந்த பல கல்வீடுகளுக்குப் புகையிலைப் பணமே அடித்தளம்.

இனி நீருக்கு வருவோம். குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடும். அந்த மழை ஏறத்தாழ ஆயிரம் சிறு குளங்களில் தேங்கியும், செம்மண்ணில் ஊறியும், கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்குகிறது. கீழே என்ன இருக்கிறது? கடல். சுற்றிலுமுள்ள கடல் நீர் பாறைக்குள்ளும் புகுந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்ததாகையால், பாலின் மேல் ஆடை போல அதன் மேலே மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே இதன் கணக்கைக் கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ நாற்பது அடிக்கு இறங்கியிருக்கும். கேட்பதற்கு இனிமையான கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உவர் நாற்பது அடி மேலெழுந்து வருவதற்கு வழி செய்கிறோம். கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் இருப்பதால் இக்கணக்கு இடத்துக்கிடம் மாறும். எனினும் அதன் போக்கு மாறாது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணாரக் காணலாம். மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர்.

துலா இருந்த காலத்தில் இக்கணக்கை அறியாமலே நாங்கள் அதற்கு அடங்கி நடந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு இறைப்புத் தொடங்கும். ஒருவர் துலாவின் மேலே முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். வெயில் ஏறும்போது கால்கள் சோர்ந்துவிடும். மனிதன் களைக்கும்போது கிணறும் ஓய்வெடுத்துக்கொண்டது.

1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். அப்போது நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த இளைஞன். எல்லாம் தெரியும் என்ற எண்ணம் மிக்கவன். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் ஒன்று வாங்கவேண்டும் என்று ஐயாவை நச்சரித்தேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "தம்பி, மிசினுக்குக் கால் நோகாது. அதுதான் எனக்குப் பயம்" என்றார். நான் சிரித்தேன். அதுவரை அவர் சொன்ன வேறெதையும் நான் அவ்வளவு எளிதாகத் தள்ளியதில்லை.

1972இல் இயந்திரம் வந்தது. முதலாண்டு விளைச்சல் இரட்டித்தது. கலட்டியின் எஞ்சிய பகுதியிலும் மிளகாய் நட்டோம். குழையும் பனையோலையும் தாழ்க்கும் பழக்கம் மெல்ல மறைந்து, யூரியா மூட்டைகள் வந்தன. இரண்டாம் ஆண்டு ஆவணியில் நண்பகலுக்கு முன்பே கிணறு வற்றத் தொடங்கியது. நானே முன்னின்று ஆள் பிடித்து, கல்லுக்கு வெடி வைத்துக் கிணற்றை ஆறடி ஆழமாக்குவித்தேன். வெடித்த கல்லிடுக்கிலிருந்து நீர் பீறிட்டு வந்தபோது கிணற்றடியில் நின்ற எல்லாரும் ஆரவாரித்தோம்.

1976ஆம் ஆண்டு வைகாசியில் வெங்காயத் தாளின் நுனி கருகியது. பாத்தி வரம்புகளில் வெண்ணிறப் பூப் பூத்தது. நோய் என்று எண்ணி மருந்து தெளித்தோம். ஒரு நாள் ஐயா கிணற்றுநீரைக் கையில் ஏந்தி வாயிலிட்டு, துப்பினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருந்தால் எங்கள் நட்டம் எங்களோடு போயிருக்கும். கிழக்கு வேலிக்கு அப்பால் ஒரு பெரியம்மா இருந்தார். கணவனை இழந்தவர், இரு பெண் பிள்ளைகளோடு வாழ்ந்தவர். தோட்டம் இல்லை. அவருடைய கிணறு குடிப்பதற்கும் சமைப்பதற்குமே. அந்தக் கிணறும் உவர்த்தது. வேலி நிலத்துக்கு மேலேதான். கீழே வேலி இல்லை. அன்று தொட்டு அவர் கோயிற் கிணற்றுக்கு அரைக்கட்டை நடந்து குடத்தில் நீர் கொண்டு வந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் "தம்பி, சோதினை எப்ப?" என்று அன்பாகவே கேட்பார். ஒரு நாளேனும் எங்களைக் குறை கூறியதில்லை. அவர் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

யூரியாவின் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. செம்மண்ணிலும் கல்வெடிப்பிலும் வடிகட்டுவதற்கு அதிகம் இல்லாததால், பயிர் உண்ணாத நைத்திரேற்று நேரே நிலத்தடி நீரிற் சேர்ந்தது. 1980களில் யாழ்ப்பாணக் கிணறுகளை ஆய்ந்தோர், பலவற்றில் அதன் அளவு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருக்கக் கண்டனர். கைக்குழந்தைகளுக்கு அத்தகைய நீர் பெருந்தீங்கானது. அது நிறமோ மணமோ சுவையோ அற்றது. உவரைப் போல நாக்கிலே வந்து எச்சரிக்காது.

நான் 1986இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்தேன். உப்பு இங்கும் எனக்கு முன்னே வந்து காத்திருந்தது! விக்ரோறியாவின் வடமேற்கே உள்ள மாலி நிலத்துக்கு முதன்முறை போனபோது, வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி மண்ணைக் கையில் அள்ளினேன். எங்கள் ஊர் மண்ணின் அதே சிவப்பு. ஆனால் அங்கங்கே வயல் நடுவே பயிரற்ற வெண்திட்டுகள். 1887இல் சஃபி சகோதரர் இருவர் முறே ஆற்று நீரை இறைத்து மில்டூராவில் பாசனக் குடியேற்றத்தைத் தொடங்கினர். அங்கே திராட்சை பயிரிட்டுக்கொண்டிருந்த இத்தாலியப் பெரியவர் ஒருவர் அவ்வெண்திட்டுகளின் காரணத்தை எனக்கு விளக்கினார்.

காற்றும் மழையும் கடலிலிருந்து சிறிது சிறிதாகக் கொணர்ந்த உப்பு, பல்லாயிரம் ஆண்டுகளாக இந்நிலத்தின் ஆழத்திலே சேர்ந்து கிடந்தது. ஆழ வேரோடிய மாலி மரங்கள் மழைநீரை உறிஞ்சிவிட்டதால் நிலத்தடி நீர் தாழ்வாகவே இருந்தது. குடியேறியோர் மரங்களை அழித்துக் கோதுமை விதைத்தனர். கோதுமையின் வேர் குட்டையானது. உறிஞ்சாத நீரும் பாசன நீரும் கீழிறங்க, நீர்மட்டம் உயர்ந்தது. உயர்ந்த நீர் உப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. எங்கள் ஊரிலே நீரை மிகுதியாக எடுத்ததால் உப்பு ஏறியது. இங்கே நீரை மிகுதியாக இறங்க விட்டதால் உப்பு ஏறியது. இன்று முறே ஆற்றங்கரையில் பல இடங்களில், உவர்நீர் ஆற்றிற் கலவாதபடி அதை இறைத்து அப்பால் ஆவியாக விடுவதற்கென்றே இயந்திரங்கள் ஓடுகின்றன. உப்பை இறைக்க ஓர் இயந்திரம் என்றபோது எனக்கு ஐயாவின் முகம் நினைவுக்கு வந்தது.

மாலி மண் மெல்பேர்ணுக்கே வந்த நாளும் உண்டு. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள், வரட்சியில் காய்ந்து கிடந்த மேல்மண் செந்நிறப் புழுதிச் சுவராக எழுந்து வந்து நகரை மூடிப் பகலை இருளாக்கியது. அதைக் கண்ட அயலவர்கள் இன்றும் அந்நாளைப் பற்றிப் பேசுகின்றனர்.

ஊருக்குத் திரும்புவோம். 1990இல் போரினால் எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அவ்வாண்டிலேயே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. 1950 முதல் அதற்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெரும் பள்ளங்கள் இன்றும் அப்பகுதியில் உள்ளன. ஐயா தம் காணியை மீண்டும் காணாமலே 1998இல் காலமானார். காணி 2016இல் விடுவிக்கப்பட்டது. 2018இல் நான் போய்ப் பார்த்தேன்.

பற்றைக் காட்டுக்குள்ளே எல்லையைக் காண்பதே அரிதாயிற்று. ஐயா அடுக்கிய கல் மதில் இல்லை. அம்மா கடகத்திற் சுமந்து பரவிய மண்ணை வழித்தெடுத்து, மேற்கெல்லையில் ஆள் உயரத்துக்கும் மேலான மண்ணணையாகக் குவித்திருந்தனர். வழித்த இடத்திலே கலட்டி மறுபடியும் வெண்மையாகத் தெரிந்தது. ஏழாண்டு உழைப்பை ஓர் இயந்திரம் எத்தனை மணித்தியாலத்தில் வழித்திருக்கும் என்று எண்ணியபடி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பியின் மகன் புளியமரத்தை அடையாளமாக வைத்துக் கிணற்றைக் கண்டுபிடித்தான். அதைத் துப்புரவாக்கி இறைத்து ஊறவிட்ட ஒரு வாரத்தின் பின், ஒரு செம்பில் நீர் கொண்டு வந்து, "பெரியப்பா, குடிச்சுப் பாருங்கோ" என்றான். குடித்தேன். நன்னீர்! இருபத்தாறு மாரிகள் இறைப்பாரின்றிப் பெய்து, உவரைக் கீழே தள்ளியிருந்தன. என்னால் மகிழவும் இயலவில்லை, மகிழாமலிருக்கவும் இயலவில்லை. அந்த நீர் இனித்ததற்கு ஓர் ஊரே கொடுத்த விலையை எவ்வாறு மறப்பது?

தம்பியின் மகன் மண்ணணையை உடைத்து, மண்ணை மீண்டும் பரவி, இப்போது வெங்காயம் செய்கிறான். சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்து, குழாய்க் கிணறு ஒன்று அடிக்கவும் பெரிய மின்னிறைப்பு இயந்திரம் ஒன்று வாங்கவும் பணம் கேட்டான். நன்னீர், உவர், நாற்பதடிக் கணக்கு என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, அப்பப்பாவுக்கு மிசின் வாங்கச் சொன்னது நீங்கள்தானே? எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் எண்டுறியள்?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வங்கிக் கடன் அவனுக்கு. வெங்காய விலை விழுந்தால் பசி அவனுக்கு. உபதேசம் மட்டும் மெல்பேர்ணிலிருந்து எனக்கு. துலா மிதிக்க இனி எவரும் வரப்போவதில்லை. அவனையும் வரச்சொல்ல எனக்கு உரிமையில்லை. பல நாள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குழாய்க் கிணறு வேண்டாம். சிறிய இயந்திரமும் துளிநீர்ப் பாசனக் குழாய்களும் வாங்கப் பணம் அனுப்பினேன். மண்ணணை இருந்த மேற்கெல்லையில் மாரி நீர் தங்குவதற்கு ஒரு கேணி வெட்டினான். பூவரசங் கதியால்கள் நாட்டி வேலியடைத்திருக்கிறான், குழைக்குத்தான் என்கிறான்.

கேள்வி கேட்ட மாணவியிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது, அவள் குறிஞ்சியையும் முல்லையையும் மறந்துவிட்டு, "இப்ப தண்ணி எப்பிடி இருக்கு, சேர்?" என்றே கேட்டாள். மார்கழியில் நீர் நின்ற மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் கரிக்கோடு போட்டுவைக்குமாறு தம்பியின் மகனிடம் சொல்லியிருந்தேன். மாதந்தோறும் அதைப் படம் பிடித்து அனுப்புகிறான். இம்மலருக்கு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்த படத்தில், நீர் கோட்டுக்கு ஐந்தடி கீழே நிற்கிறது. கிழக்கு வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றிலும் அவ்வாறே ஒரு கோடு போட்டிருக்கிறானாம். அந்த வளவில் இப்போது பெரியம்மாவின் பேத்தி குடியிருக்கிறாள்.